சூர்யகிரணுக்கு ஏன் ரஃபால் இல்லை, ஏன் ஹாக்?

கேள்வி கேட்டவர் 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசத்தைப் பார்த்தவர். ரஃபால், சுகோய், தேஜஸ் எல்லாம் காதைப் பிளந்துகொண்டு வந்து போயின. ஆனால் ஒன்பது விமானங்களாகச் சேர்ந்து வானில் வடிவம் போட்ட சூர்யகிரண் அணியிடம் இருந்தது ஹாக் என்ற சின்னப் பயிற்சி விமானம். "நல்ல விமானங்கள் கையில் இருக்கும்போது ஏன் இது? காசில்லையா? அமெரிக்காக்காரன் எஃப்-16 வைத்தே செய்கிறானே" என்று கேட்டிருக்கிறார். எந்த விமானம் உசத்தி என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒரு நாட்டின் விமானப்படை தன் சாகச அணிக்கான விமானத்தை எந்தக் கணக்கில் தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் அவர் உண்மையில் கேட்டிருப்பது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் டெக்னீஷியனாக, அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பராமரிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலான வருடங்கள் ஜெட் பயிற்சி விமானங்களோடு போயின. ஓட்டியவன் இல்லை. ஆகவே ஸ்டிக் (பைலட் விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) கையில் எப்படி இருக்கும், பக்கத்து விமானத்தை ஒட்டிப் பறப்பது எப்படி என்று நான் எழுதுவதெல்லாம் ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டது. விமானத்தின் ஆயுள், பறப்பு மணிக்கணக்கு, ஓவர்ஹால் இதெல்லாம் என் தொழில். அதில் உறுதியாகப் பேசுவேன். இன்னொன்று, இப்படித் தேர்வு செய்யும் குழுக்களின் கோப்புகள் வெளியே வருவதில்லை. என்ன முடிவு எடுத்தார்கள் என்பது ஊரறிந்தது. ஏன் எடுத்தார்கள் என்பதில் பாதி ஊகம்தான்.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். ஒன்பது விமானம் வானில் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது பன்னிரண்டு கையில் இருக்க வேண்டும். ஒன்று பெரிய சர்வீஸில் நிற்கும், ஒன்றில் ஏதாவது ஹைட்ராலிக் கசிவு இருக்கும், ஒன்று ஸ்டாண்ட்பை. நம் விமானப்படையில் ஒரு போர் ஸ்க்வாட்ரன் என்பது சுமார் 18 விமானங்கள். ஆக, சாகச அணி என்பது மூன்றில் இரண்டு பங்கு ஸ்க்வாட்ரன். நம் விமானப்படை வாங்கிய ரஃபால் மொத்தமே 36. அதில் பன்னிரண்டை எடுத்து வர்ணமடித்துப் புகை விடச் சொன்னால், மூன்றில் ஒரு பங்கு ரஃபால் போருக்கு இல்லை என்று ஆகிவிடும். அனுமதிக்கப்பட்ட ஸ்க்வாட்ரன்கள் 42. கடைசி மிக்-21கள் 2025 செப்டம்பரில் விடைபெற்ற பிறகு கையில் இருப்பது முப்பதுக்கும் கீழே. இந்த நிலையில் சண்டை விமானத்தைக் கேட்டு ஒரு கோப்பு மேலே போனால், முதல் மேஜையிலேயே திரும்பி வந்துவிடும். இது என் ஊகம்தான்; ஆனால் தப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

நம்மிடம் சண்டை விமான சாகச அணி இருந்ததே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1982-ல், விமானப்படையின் பொன்விழா ஆண்டில், தண்டர்போல்ட்ஸ் என்று ஓர் அணி கிளம்பியது. ஒன்பது ஹண்டர் விமானங்கள். பார்த்தவர்கள் இன்றும் விடாமல் பேசுவார்கள், அவ்வளவு அழகான விமானம் அது. ஆனால் கவனியுங்கள்: ஹண்டர் நம் படைக்கு வந்தது 1957-ல். எண்பதுகளில் அது முன்வரிசையிலிருந்து படிப்படியாக விலகிக்கொண்டிருந்தது. போருக்கு அவ்வளவாகத் தேவைப்படாத, ஆனால் இன்னும் ஆயுள் மிச்சமிருந்த சண்டை விமானம் கையில் இருந்ததால்தான் அந்த அணி சாத்தியமானது. ஹண்டர்களின் காலம் முடிய, எண்பதுகளின் இறுதியில் அணியும் முடிந்தது.

அடுத்து 1996-ல் கர்நாடகத்தின் பீதரில் சூர்யகிரண் தொடங்கியபோது எடுத்தது, அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான ஹெச்.ஏ.எல். தயாரித்த கிரண் மார்க் 2. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி ஜெட். இரண்டே வருடத்தில் ஒன்பது விமான அணியாக வளர்ந்தது. பயிற்சி விமானம்தானே, படைக்கு இழப்பில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 2009-ல் அந்தக் கணக்கும் கவிழ்ந்தது. புதிதாகச் சேரும் பைலட்டுகள் முதன்முதலில் ஓட்டிப் பழகும் ஹெச்.பி.டி-32 விமானம், ஜூலை மாத விபத்துக்குப் பிறகு மொத்தமாகத் தரையில் நிறுத்தப்பட்டது. அந்த வேலையும் கிரண்களின் தலையில் விழுந்தது. இருக்கிற கிரணெல்லாம் பயிற்சிக்கு வேண்டும். 2011 பிப்ரவரியில் பெங்களூரின் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் கடைசியாகப் பறந்துவிட்டு, அணி நிறுத்திவைக்கப்பட்டது. நாட்டிலேயே மக்கள் அதிகம் ரசித்த அணி, விபத்தாலும் இல்லை, பணத்தாலும் இல்லை. பறப்பு மணி பற்றாததால் நின்றுபோனது.

அடிப்படைப் பயிற்சிக்கு 2013-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி-7 மார்க் 2 வந்த பிறகுதான் நெருக்கடி தளர்ந்தது. அதற்குள் ஹாக் மார்க் 132-உம் போதுமான அளவு சேர்ந்திருந்தது. 2004-ல் 66, அப்புறம் 2010-ல் கடற்படைக்கும் சேர்த்து 57 என்று ஒப்பந்தம் போட்டார்கள். பெரும்பகுதி பெங்களூரில் ஹெச்.ஏ.எல். தயாரித்தது. ஹாக் பள்ளி இருப்பதும் பீதரில்தான். ஒரே தளம், ஒரே உதிரிபாகக் கிடங்கு, அதே விமானத்தில் பழகிய டெக்னீஷியன்கள். 2015-ல் ஹாக் விமானங்களோடு அணி மீண்டும் பறந்தது, 2017 வாக்கில் பழையபடி ஒன்பதானது. ஆட்கள் விஷயமும் இதோடு சேர்கிறது. சூர்யகிரண் பைலட்டுகளில் பெரும்பாலானோர் போர் விமானம் ஓட்டி, பிறகு பயிற்றுநர் தகுதி பெற்றவர்கள். அந்தத் தகுதியைத் தரும் பறப்புப் பயிற்றுநர் பள்ளி நம் தாம்பரத்தில் இருக்கிறது. பயிற்றுநர்களுக்குப் பயிற்சி விமானம் சொந்த வீடு. அணிக்கு வந்து புது விமானம் கற்க வேண்டியதில்லை, ஃபார்மேஷன், அதாவது ஒட்டி அணியாகப் பறப்பது, மட்டும் கற்றால் போதும்.

சரி, எண்ணிக்கைப் பிரச்சினை இல்லாத நாடு என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சண்டை விமானம்தான் சிறந்ததா? இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். விமானம் திரும்பும் வட்டத்தின் அளவு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 300 நாட், அதாவது மணிக்குச் சுமார் 555 கிலோமீட்டர் வேகத்தில் 4 ஜி (உடல் எடை நான்கு மடங்கானதுபோல் அழுத்தும் விசை) இழுத்துத் திரும்பினால் வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 620 மீட்டர். அதே 4 ஜியில் 400 நாட் என்றால் 1,100 மீட்டருக்கு மேல் போய்விடும். 400 நாட்டில் அந்தப் பழைய 620 மீட்டர் வட்டத்துக்குள் திரும்ப வேண்டுமானால் 7 ஜி இழுக்க வேண்டும். தனி விமானம் 7 ஜி இழுக்கலாம், இழுக்கிறார்கள். ஒன்பது பேர் சில மீட்டர் இடைவெளியில், ஒவ்வொருவரும் பக்கத்து விமானத்தின் ஒரு குறிப்பிட்ட புள்ளியைப் பார்த்துக்கொண்டே நிமிடக்கணக்கில் 7 ஜியில் இருக்க முடியாது. எனவே வேகமான விமானம் என்றால் அணி அகலமாகச் சுற்றும்; கடற்கரையில் நிற்பவர்களுக்கு அது அடையாறு பக்கம் எங்கோ புள்ளியாகத் தெரியும், திரும்பி வரும்வரை வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஹாக் போன்ற விமானத்தில் ஒரு சாகசம் முடிவதற்குள் அடுத்தது கண்ணெதிரே தொடங்கிவிடும்.

"சண்டை விமானத்தையே மெதுவாக ஓட்டலாமே" என்று யாராவது கேட்பார்கள். ஓட்டலாம், ஓட்டுகிறார்கள். ஆனால் கனமான விமானம் மெதுவாகப் பறக்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும், ஸ்டிக்குக்குச் சோம்பலாகப் பதில் சொல்லும் என்று ஓட்டியவர்கள் சொல்வார்கள். சண்டை விமானத்தின் பெருமையான ஆஃப்டர்பர்னரும் (வெளியேற்றத்தில் கூடுதல் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) ஃபார்மேஷனில் பெரிய உதவி இல்லை. அது பற்றும்போது தள்ளுவிசை சட்டென்று எகிறும். ஒட்டிப் பறப்பவருக்கு வேண்டியது நூலளவு கூட்டவும் குறைக்கவும் முடிகிற த்ராட்டில். முழு அணியும் சேர்ந்து உருளும்போது, ஓரத்தில் இருப்பவர் தலைவரைவிட நீண்ட பாதையைச் சுற்றியாக வேண்டும். தேர் முக்கில் திரும்பும்போது வெளிப்பக்க வடம் பிடித்தவர்கள் ஓடுவார்களே, அதுபோல. அதற்காகத் தலைவர் தன் இன்ஜினின் முழு பலத்தையும் ஒருபோதும் பயன்படுத்தாமல், ஓரத்தில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள மிச்சம் வைத்துத்தான் பறப்பார். ஆகவே ஒரு விமானத்தின் உச்ச வேகமோ உச்ச பலமோ இங்கே கணக்கில் வராது. நடு வேகத்தில் அது எவ்வளவு சொன்னபடி கேட்கிறது என்பதுதான் வரும்.

அமெரிக்காவுக்கு வருவோம். அமெரிக்க விமானப்படையின் சாகச அணியான தண்டர்பேர்ட்ஸ் 1953 முதல் சண்டை விமானங்களைத்தான் ஓட்டினார்கள், ஒரே ஒரு இடைவெளியைத் தவிர. 1964-ல் எஃப்-105 தண்டர்சீஃப் என்ற மிகக் கனமான விமானத்துக்கு மாறினார்கள். ஆறே காட்சிகள். மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு விமானம் மேலே இழுக்கும்போதே காற்றில் உடைந்து பைலட் இறந்தார். பழைய எஃப்-100-க்கே திரும்பினார்கள். 1969-ல் எஃப்-4 ஃபாண்டம் வந்தது. சத்தம், புகை, பிரமாண்டம் எல்லாம் இருந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் என்ன செய்தார்கள்? டி-38 என்ற பயிற்சி விமானத்துக்கு இறங்கி வந்தார்கள். ஒரு ஃபாண்டம் குடிக்கும் எரிபொருளில் ஐந்து டி-38 பறக்கும் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். அதே நேரத்தில் அமெரிக்கக் கடற்படையின் சாகச அணியான புளூ ஏஞ்சல்ஸும் ஃபாண்டத்தை விட்டுச் சின்ன ஸ்கைஹாக்குக்குப் போனது. அமெரிக்காவே அப்படி என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம். எண்பதுகளில் மறுபடி தண்டர்பேர்ட்ஸ் எஃப்-16, புளூ ஏஞ்சல்ஸ் ஹார்னெட் என்று சண்டை விமானங்களுக்கு ஏறினார்கள், உண்மைதான். ஆயிரக்கணக்கில் தயாரித்த நாடு அது. அப்படியிருந்தும் புளூ ஏஞ்சல்ஸுக்கு வந்த ஹார்னெட்டுகள் புத்தம் புதியவை அல்ல, விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கி இறங்கி அந்த ஆயுள் தேய்ந்தவைதான் பெரும்பாலும்.

அந்த ஹார்னெட்டில் செய்த மாற்றங்களைக் கேட்டால், சண்டை விமானத்தைச் சாகசத்துக்குப் பழக்குவது எவ்வளவு வேலை என்று புரியும். பீரங்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புகை எண்ணெய்த் தொட்டி. தலைகீழாகப் பறக்கும்போது இன்ஜின் பட்டினி கிடக்காமல் இருக்க எரிபொருள் அமைப்பில் மாற்றம். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியது. எனக்குப் பிடித்தது ஸ்டிக்கில் மாட்டிய ஸ்பிரிங். அது ஸ்டிக்கை எந்நேரமும் சுமார் 40 பவுண்ட், அதாவது 18 கிலோ விசையோடு முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். பைலட் காட்சி முழுவதும் அதை எதிர்த்துப் பிடித்திருப்பார். கை தளர்ந்து ஆடினால் அந்த ஆட்டம் விமானத்துக்குப் போகும், எதிர்விசை இருந்தால் போகாது என்பது காரணம். அந்தக் கையைத் தொடையில் ஊன்றிக்கொள்கிறார். ஜி சூட் (ஜி கூடும்போது காற்று நிரம்பிக் காலையும் வயிற்றையும் அழுத்தும் உடை) போட்டால் அது உப்பும்போது தொடையும் கையும் நகரும். அதனால் புளூ ஏஞ்சல்ஸ் ஜி சூட் போடுவதே இல்லை, வயிற்றையும் காலையும் இறுக்கியே சமாளிக்கிறார்கள். எஃப்-16-ல் ஸ்டிக் பக்கவாட்டில் இருப்பதால் தண்டர்பேர்ட்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் போடுகிறார்கள். ஸ்டிக் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுகூட இந்தத் தேர்வில் ஒரு விஷயம்.

இனி என் பகுதி: ஆயுள். பிரிட்டிஷ் வழிவந்த பல விமானங்களில் ஃபட்டீக் மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். வரிசையாகச் சில எண் சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஜி அளவுக்கு. அந்த அளவை விமானம் தாண்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சக்கரம் ஒன்று கூடும். பறந்து வந்ததும் அந்த எண்களைப் பார்த்து விமானத்தின் பதிவேட்டில் எழுதுவது எங்கள் வேலை. சாதாரணமாக ஊர் விட்டு ஊர் போய்வந்த விமானத்தில் பெரிய ஜி சக்கரங்கள் அசையவே அசையாது. தாழ்வாக லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (உருளல்) என்று போட்டு வந்த விமானத்தில் எல்லாமே ஏறியிருக்கும். இறக்கையின் ஆயுள் கரைவது இந்த எண்களின்படிதான், மணிக்கணக்கை மட்டும் வைத்து இல்லை. ஒரு மணி நேரச் சாகசப் பறப்பு, சாதாரணப் பறப்பைவிடப் பல மடங்கு ஆயுளைத் தின்னும். பல நூறு கோடி ரூபாய் விமானத்தின் இறக்கையை அப்படிச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? பயிற்சி ஜெட் என்பது முதலிலிருந்தே இந்த மாதிரி அடியைத் தாங்கத்தான் கட்டப்பட்டது. மாணவர்கள் கையில் அது படாத பாடு இல்லை.

இரண்டு இருக்கையின் அருமையையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனின் சாகச அணியான ரெட் ஆரோஸ் ஒரு காட்சியிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு ஹாக்கின் பின்னிருக்கையிலும் ஒரு டெக்னீஷியன் உட்கார்ந்திருப்பார். சர்க்கஸ் என்பது அந்தக் குழுவின் பெயர். இறங்கியதும் அவரே எரிபொருள், புகை எண்ணெய் நிரப்பி, சரிபார்த்து மறுபடி அனுப்பிவிடுவார். பின்னால் வரும் பெரிய விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வேலை கிடைத்திருந்தால் நான் பென்ஷனே கேட்டிருக்க மாட்டேன். புகை விஷயத்தில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை: டீசலை இன்ஜினின் சூடான வெளியேற்றத்தில் பீய்ச்சினால் வெள்ளைப் புகை, அதில் சாயம் கலந்தால் நிறம். அதற்கான தொட்டியை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ரெட் ஆரோஸ் வயிற்றுக்கு அடியில் துப்பாக்கி மாட்டும் இடத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

பயிற்சி விமானம் என்றால் ஆபத்து குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. 2019 பிப்ரவரி 19 அன்று, ஏரோ இந்தியாவுக்கு முந்தைய நாள், பெங்களூரு எலஹங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரணின் இரண்டு ஹாக்குகள் மோதின. விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார், மற்ற விமானத்திலிருந்த இருவர் இருக்கையோடு வெளியேறித் தப்பினார்கள். கிரண் காலத்திலும் 2006-லும் 2009-லும் பீதரில் பைலட்டுகளை இழந்தோம். 1982 ஜனவரியில் தண்டர்பேர்ட்ஸின் நான்கு டி-38களும் ஒரே லூப்பிலிருந்து நேராகத் தரையில் போய் மோதின. தலைவரின் விமானத்தில் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டது, மற்ற மூவரும் அவரையே பார்த்துப் பறந்ததால் கூடவே போனார்கள் என்பது அமெரிக்க விமானப்படை சொன்ன காரணம். அந்த அறிக்கையை ஏற்காதவர்களும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இந்த விபத்துகளை வைத்து எந்த ரக விமானம் பாதுகாப்பானது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. பறக்கும் விதம்தான் ஆபத்து, சண்டை விமானத்திலும் அது குறையாது. ரஷ்ய சாகச அணியான ரஷ்யன் நைட்ஸ் 1995-ல் வியட்நாமின் காம் ரான் அருகே மலையில் மூன்று சு-27களை இழந்தது சாகசத்தின்போதுகூட இல்லை, ஊர் திரும்பும் வழியில்.

எல்லோரும் பயன்படுத்தும் விமானத்தையே அணிக்கும் கொடுப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் இருக்கும் சாரங் ஹெலிகாப்டர் அணியைப் பாருங்கள். அவர்களுடைய துருவ் ஹெலிகாப்டரின் விசிறி, கீல் இல்லாத வகை. ஸ்டிக்கை அசைத்தால் உடனே கேட்கும், அதனால் ஹெலிகாப்டரில் பார்க்கக் கிடைக்காத வித்தையெல்லாம் அதில் செய்ய முடிகிறது. அருமையான தேர்வு. ஆனால் 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்ததும், நாடு முழுவதும் துருவ் தரையில் நின்றது, சாரங்கும் நின்றது, பிப்ரவரி ஏரோ இந்தியாவில் அவர்கள் இல்லை. இதற்கு நேரெதிர் வில்லங்கமும் இருக்கிறது: எல்லோரும் கைவிட்ட விமானத்தை அணி மட்டும் வைத்திருப்பது. கனடாவின் சாகச அணி ஸ்னோபேர்ட்ஸ் ஓட்டிய டியூட்டர் விமானம், பயிற்சி வேலையிலிருந்து 2000-லேயே விடைபெற்றுவிட்டது. ரெட் ஆரோஸின் ஹாக் டி1-ஐ பிரிட்டனின் மற்ற பிரிவுகள் 2022-ல் நிறுத்திவிட்டன. அப்புறம் ஒரு சின்ன வால்வு வேண்டுமென்றாலும் பழைய விமானத்தைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டில் எது தேவலை என்று கேட்டால், டெக்னீஷியனாக நான் முதல் வில்லங்கத்தையே எடுத்துக்கொள்வேன். தரையில் நிற்பது சில மாதத்தில் முடியும், உதிரிபாகம் இல்லாதது முடியாது.

விளம்பரமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. தென்கொரியாவின் சாகச அணி பிளாக் ஈகிள்ஸ் தங்கள் நாட்டுத் தயாரிப்பான டி-50-ஐ ஓட்டுகிறது, இத்தாலி எம்.பி-339-ஐ, ஜப்பான் டி-4-ஐ. மூன்றுமே பயிற்சி விமானம், மூன்றுமே உள்ளூர்ச் சரக்கு. அந்த வகையில் சூர்யகிரண் தேஜஸ் ஓட்டினால் நமக்கும் பெருமைதான். அது நடக்குமா என்றும் கேள்வி கேட்டவர் கேட்டிருந்தார். தேஜஸ் சின்ன விமானம், சுறுசுறுப்பானது, சாகசத்துக்கு ஒத்துவராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் வாங்கிய 40 போக, 2021-ல் ஆர்டர் போட்ட 83 மார்க் 1ஏ விமானங்களின் டெலிவரியே இன்ஜின் வராமல் வருடக்கணக்கில் தள்ளிப்போனது. வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு காலி ஸ்க்வாட்ரன் காத்திருக்கிறது. அந்த வரிசை தீர்ந்து, முதலில் வந்த மார்க் 1கள் பழசாகி ஒதுங்கும் காலத்தில், 1982-ல் ஹண்டருக்குக் கிடைத்த வாய்ப்பு தேஜஸுக்கும் கிடைக்கலாம். அதுவரை ஹாக்தான்.